ஓட முடியாதவர்களுக்கு எங்கே எச்சரிக்கை?

2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின் வெள்ளம் குருநாகல் மாவட்டத்தில் உள்ள முதியோர் இல்லமொன்றுக்குள் புகுந்தது. அங்கே தங்கியிருந்தவர்களில் 11 பேர் இறந்தனர் என்று பொலிஸார் அறிவித்தனர். செய்தி ஒரு நாள் பேசப்பட்டது. மறுநாள் வேறு ஊர்களிலிருந்து வேறு எண்ணிக்கைகள் வந்தன. நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பெருங்கணக்குக்குள் 11 பேரின் கணக்கு கரைந்து போனது.

அதைக் கரைய விட நாம் தயாராக இல்லை.

முதியோர் இல்லம் என்றால் என்ன? தாமாக எழுந்து ஓட முடியாதவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்திருக்கும் இடம். அப்படிச் சேர்த்து வைக்கும் அன்றே ஒரு கேள்விக்குப் பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் இவர்களை யார் தூக்குவது? எந்த வாகனத்தில் ஏற்றுவது? எங்கே கொண்டு போய் இறக்குவது? எத்தனை மணிக்குத் தொடங்குவது? இந்தப் பதில் இல்லாத இல்லத்துக்கு அனுமதி கொடுத்தவர்களும் குற்றவாளிகள். அனுமதி கொடுத்த பின் எட்டிப் பார்க்காதவர்களும் குற்றவாளிகள்.

குருநாகலில் நடந்ததற்கு மலையகத்து ராகலையில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். காரணம் உண்டு. பெயர்ப்பலகை மாட்டிய இல்லங்களை மட்டும் நாம் எண்ணவில்லை. ராகலையைச் சுற்றி, கந்தப்பளையிலிருந்து உடப்புசல்லாவை வரை, பெயர்ப்பலகை இல்லாத முதியோர் இல்லங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்று பெயர்.

காலைப் பிரட்டு முடிந்த பிறகு ஒரு லயத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் மலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள். கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் இருக்கும். இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்பார்கள். தாய்மாரில் எத்தனையோ பேர் மத்திய கிழக்கில் யாரோ ஒருவரின் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். லயத்தில் எஞ்சியிருப்பது யார்? இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும். உள்ளே கட்டிலை விட்டு இறங்க முடியாத ஒருவர். அவருக்குப் பக்கத்தில், அவரைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு முதியவர்.

கைக்குழந்தைக்கு மடுவம் உண்டு. அதற்குப் பொறுப்பாக ஓர் உத்தியோகத்தர் உண்டு. பதிவேடு உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் எழுதப்படுகிறது. அதே தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டுப் படுக்கையில் விழுந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவரது பெயர் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கிய அன்றோடு தோட்ட அலுவலகத்தின் கண்ணிலிருந்தும் நீங்கிவிடுகிறது. சேமலாப நிதியை வாங்கினார். கணக்கு முடிந்தது. ஆள் மட்டும் அதே காம்பராவில் இருக்கிறார்.

அந்தக் காம்பராவின் பின்பக்கத்தை அதிகாரிகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சுவரிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் மண்மேடு நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில் ஒரு கான் ஓடும். பல இடங்களில் அது இப்போது ஓடுவதில்லை. மண்ணும் இலையும் பொலித்தீனும் அடைத்துக் கிடக்கின்றன. மலை மேலே தேயிலைக்கு இடையில் முன்பு குறுக்குக் கான்கள் வருடந்தோறும் வெட்டித் துப்புரவாக்கப்பட்டன. மழைநீர் வழிந்தோட வழி இருந்தது. கான் வெட்டும் வேலைக்கு ஆள் குறைக்கப்பட்டது. தண்ணீர் இப்போது மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் மண்ணைப் பாரமாக்குகிறது. பாரம் தாங்காத சரிவு ஒரு நாள் கீழே வருகிறது. அது வருகிற வழியில் லயம் இருக்கிறது. லயத்தில் முதியவர் இருக்கிறார்.

இது எல்லோருக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியும். மண்சரிவு அபாய வரைபடங்கள் அதனிடம் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டம் அந்த வரைபடங்களில் இருக்கிறது. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தவிலும் மலை இறங்கி உயிர்களைக் கொண்டு போனது. 2025 நவம்பரில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் நாட்டிலேயே மோசமாக அடி வாங்கின. தெரியாமல் நடந்தது என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது.

நாம் குற்றம் சாட்டுவது மழையை அல்ல. எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும் விதத்தை.

மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது மஞ்சள்: விழிப்பாக இருங்கள். இரண்டாவது செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். மூன்றாவது சிவப்பு: வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் தயார்நிலை, 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவுகோல். காலுள்ளவருக்கு இது போதும். சிவப்பு வந்ததும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையை மடியில் செருகிக்கொண்டு, பதினைந்து நிமிடத்தில் கோயிலடிக்கு வந்துவிடுவார்.

காலில்லாதவருக்கு?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படுக்கையில் இருக்கும் ஒரு முதியவரை லயத்திலிருந்து பாதைக்குக் கொண்டுவர நான்கு பேர் வேண்டும். கம்பளியை விரித்து, ஆளை நடுவில் கிடத்தி, நான்கு மூலையையும் நான்கு பேர் பிடிக்க வேண்டும். நனைந்த கம்பளி கையில் நிற்காது, வழுக்கும். படிகள் உடைந்த கல்லாக இருக்கும். மின்சாரம் போயிருக்கும். ஒருவர் முன்னால் டோர்ச் பிடிக்க வேண்டும். ஆக ஐந்து பேர். ஒரு லயத்தில் அப்படி நான்கு முதியவர்கள் இருந்தால் இருபது பேர். சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில், தன் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டு அப்பாயியைத் தூக்க இருபது பேர் எங்கிருந்து வருவார்கள்?

வர மாட்டார்கள். வர முடியாது. அது அவர்களுடைய கல்மனம் அல்ல. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது.

அதனால்தான் மலையகத்தில் ஒவ்வொரு பெருமழை இரவிலும் அதே வார்த்தை கேட்கிறது. "நீங்க புள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போங்கய்யா. நான் இங்கனயே இருந்துக்கிறேன்." கிழவி சொல்வாள். மகன் ஒரு கணம் நிற்பான். கிழவி அதட்டுவாள். மகன் போவான். அந்த ஒரு கணத்தை எந்த மகனும் சாகும்வரை மறக்க மாட்டான். அந்த முடிவை அவன் தலையில் சுமத்தியது யார்? சிவப்பு வரும்வரை காத்திருக்கச் சொன்ன ஒழுங்கு. அதற்குப் பொறுப்பானவர்கள் கொழும்பிலும் நுவரெலியாவிலும் நாற்காலியில் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்று உண்டு. அது கற்பனை அல்ல. ஜப்பான் அதைச் செய்திருக்கிறது. அதுவும் தன் முதியவர்களைப் பறிகொடுத்த பிறகே செய்தது.

2016 ஓகஸ்ட் 30 அன்று ஜப்பானின் இவாதே மாகாணத்தில், இவாய்சுமி என்ற சிற்றூரில், புயல்மழையில் ஆறு பெருகி ஒரு முதியோர் இல்லத்துக்குள் புகுந்தது. மறதி நோய் உள்ள 9 முதியவர்கள் இறந்தனர். அன்று காலையிலேயே அந்த ஊரில் "வெளியேறத் தயாராகுங்கள்" என்ற அறிவிப்பு வந்திருந்தது. அந்த அறிவிப்பு வந்தால் முதியவர்களை உடனே நகர்த்தத் தொடங்க வேண்டும் என்பது அரசின் கருத்து. அந்தச் சொற்களில் அது இல்லை. இல்லத்தை நடத்தியவர்களுக்கு அது புரியவில்லை. தயாராகுங்கள் என்றால் காத்திருங்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் போனார்கள்.

ஜப்பான் அரசு அந்த இல்லத்தை மட்டும் திட்டிவிட்டு ஒதுங்கவில்லை. சொல்லை மாற்றியது. அந்த எச்சரிக்கையின் பெயரிலேயே முதியோர் வெளியேறத் தொடங்க வேண்டும் என்று சேர்த்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தியது. அபாய வலயத்தில் உள்ள முதியோர் இல்லங்களும் மருத்துவமனைகளும் வெளியேற்றத் திட்டம் எழுதியே ஆக வேண்டும், ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று ஆக்கியது. 2021இல் இன்னும் சுருக்கியது. ஐந்து படிகளில் மூன்றாம் படிக்கு இன்று அங்கே பெயரே "முதியோர் முதலானோர் வெளியேற்றம்" என்பதுதான். நான்காம் படியில்தான் மற்றவர்கள் வெளியேறுகிறார்கள். முதியவர் முன்னால் போகிறார். ஓடக்கூடியவர் பின்னால் போகிறார்.

காகிதத்தில் திட்டம் இருந்தால் போதாது என்பதையும் அதே நாடு காட்டியது. 2020 ஜூலை 4 அதிகாலை, குமாமோட்டோ மாகாணத்தில் குமா ஆறு பெருகியது. செஞ்சுஎன் என்ற முதியோர் இல்லத்தில் 14 பேர் இறந்தனர். அங்கே திட்டம் இருந்தது. ஊர்மக்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். ஒவ்வொருவராக மேல்மாடிக்குத் தூக்கினார்கள். மின்தூக்கி இல்லை. எல்லோரையும் தூக்கி முடிப்பதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. திட்டமும் இருந்தது, மனமும் இருந்தது. நேரம் இல்லை. நேரத்தைக் கொடுக்க வேண்டியது எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கொடுக்க வேண்டியது அரசு.

ஆகவே எமது முதல் கோரிக்கை இது. செம்மஞ்சள் எச்சரிக்கையின் பொருளை மாற்றுங்கள். செம்மஞ்சள் என்றால் மற்றவர்களுக்குத் தயார்நிலை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அதுவே வெளியேற்றம். அறிவித்தலிலேயே அந்த வசனம் இருக்க வேண்டும். முதல் வசனமாக இருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். வெளிநாட்டுக் கடன் வேண்டாம். ஒரு வசனம் வேண்டும். அந்த ஒரு வசனத்தை எழுத இவ்வளவு காலம் ஏன்?

பகல் வெளிச்சத்தில், மழை சற்று ஓயும் நேரத்தில், பாதை திறந்திருக்கும்போது, ஒரு லொறியில் மெத்தையைப் போட்டு முதியவரை ஏற்றிவிடலாம். அன்றிரவு மலை இறங்காவிட்டால் மறுநாள் திரும்பி வரட்டும். வீணாகப் போய் வந்தோம் என்று அவர் முணுமுணுக்கட்டும். முணுமுணுக்க ஆள் இருக்கிறாரே, அது போதும்.

அடுத்தது, அந்த வசனம் எந்த மொழியில் வருகிறது என்ற கேள்வி.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் அது எழுதப்பட்டது. டித்வா நாட்களில் உயிர் காக்கும் அறிவித்தல்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்தி வந்தன. தமிழ் பிந்தி வந்தது, சில வேளைகளில் வரவே இல்லை. இந்தக் குறை அப்போதே பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. மண்சரிவு அபாயத்தில் வாழும் மக்களில் ஏராளமானோர் தமிழ் பேசும் தோட்ட மக்கள். அவர்களுக்குத் தமிழில் எச்சரிக்காத எச்சரிக்கை யாருக்கானது? வாசிக்கத் தெரிந்த பேரன் கொழும்பில் இருக்கிறான். ஸ்மார்ட்போனும் அவனோடு கொழும்பில் இருக்கிறது. லயத்தில் இருக்கும் பாட்டிக்கு எழுத்தில் வரும் தமிழே போதாது. காதில் விழும் தமிழ் வேண்டும். கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது. மின்சாரம் போனால் தப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் வேலைக்கு எழுப்பத் தப்படித்த தோட்டங்கள் இவை. உயிர் காக்க அடிக்க மாட்டீர்களா?

புயலின்போது மின்சாரம் அறுந்தது. தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. பாதைகள் புதைந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்த நேரத்தில் 117க்கு அழையுங்கள் என்று சொல்வதில் பயன் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும், மேற்கணக்கிலும் நடுக்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும், அழைக்காமலே வந்து கதவைத் தட்டும் ஆள் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு எந்தக் கதவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கதவு என்று தெரிய ஒரு பட்டியல் வேண்டும். அங்கேதான் எல்லாம் வந்து முட்டி நிற்கிறது.

நடக்க முடியாதவர் யார்? எந்த லயம், எத்தனையாம் காம்பரா? கண் தெரியுமா? காது கேட்குமா? இன்சுலின் போடுகிறாரா? கூட யார் இருக்கிறார்கள்? அவரைத் தூக்கப் பொறுப்பான நான்கு பேர் யார், அவர்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு யார்? இவ்வளவுதான் கேள்விகள். ஒரு கிராம உத்தியோகத்தரும், தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தரும், குடும்பநல மருத்துவ மாதுவும், தோட்டத் தலைவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும் வேலை. வாக்காளர் இடாப்பு தயாரிக்க ஒவ்வொரு கதவையும் தட்டத் தெரிந்த நாடு இது. தேர்தல் நாளில் இதே முதியவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வாகனத்தில் ஏற்றத் தெரிந்த கட்சிகள் இவை. அன்று பாதை தெரிகிறது. அன்று காம்பரா இலக்கம் தெரிகிறது. மழை நாளில் மட்டும் எப்படி மறந்து போகிறது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் அரச கூட்டுத்தாபனமும் தனக்கான அனர்த்தத் திட்டத்தை எழுத வேண்டும் என்கிறது. தேசிய பேரவைக்கு ஜனாதிபதியே தலைவர். அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோருக்கான தேசிய பேரவை இருக்கிறது, தேசிய செயலகம் இருக்கிறது. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டு சட்டங்கள், இரண்டு பேரவைகள். குருநாகலில் 11 பேர் இறந்த இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்.

முதியோர் செயலகம் அனர்த்தம் எமது வேலை அல்ல என்று சொல்ல முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் முதியோர் எமது வேலை அல்ல என்று சொல்ல முடியாது. மாகாண சமூக சேவைத் திணைக்களம் கோப்பு கொழும்பில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பதிவுச் சான்றிதழ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வெளியேற்றத் திட்டத்தைக் கேளுங்கள். இரவுக் கடமையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசி ஒத்திகை எந்தத் திகதியில் நடந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. 11 பேரின் மரணத்துக்கு விசாரணை அறிக்கை வேண்டும். அது பகிரங்கமாக வேண்டும். அந்த இல்லம் எந்த உயரத்தில் கட்டப்பட்டது, யார் அனுமதித்தது, எச்சரிக்கை எப்போது அதன் வாசலுக்கு வந்தது என்பவை அதில் இருக்க வேண்டும்.

இனி லயத்தின் சொந்தக்காரர்களிடம் வருவோம்.

தோட்ட நிலம் அரசினுடையது. 1992இல் உருவான பெருந்தோட்டக் கம்பனிகள் அதை நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. தேயிலை கம்பனியினுடையது. லாபமும் கம்பனியினுடையது. லயம் யாருடையது? கூரை ஒழுகும்போது கம்பனி அரசைக் காட்டுகிறது. அரசு கம்பனியைக் காட்டுகிறது. பிரதேச சபைக்கோ 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டத்துக்குள் மக்கள் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. தடை நீங்கிவிட்டது. வலப்பனைப் பிரதேச சபை உட்பட எந்தச் சபையும் இனி அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. மூன்று பேர் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு கிழவர் மழையில் நனைகிறார்.

நாம் தெளிவாகச் சொல்கிறோம். தன் குத்தகை நிலத்தில் உள்ள லயத்தில் மனிதர்கள் வாழ்வதை அறிந்தே அனுமதிக்கும் நிர்வாகம் அந்த உயிர்களுக்குப் பொறுப்பு. ஓய்வு பெற்றவர் வேலையாள் இல்லை என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி. மலை இறங்கும்போது அது கணக்குப் புத்தகம் பார்ப்பதில்லை. கொழுந்து ஏற்றும் லொறி தோட்டத்தில் இருக்கிறது. ட்ரக்டர் இருக்கிறது. தொழிற்சாலையில் ஜெனரேட்டர் இருக்கிறது. பங்களா பத்திரமான இடத்தில் இருக்கிறது. கொழுந்து மடுவத்துக்கு உறுதியான கூரை இருக்கிறது. செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த நிமிடத்திலிருந்து இவையெல்லாம் முதியவர்களுக்கு என்று எழுதிக் கொடுங்கள். துரைமார் வாய்மொழியாகச் சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். எழுத்தில் வேண்டும், பிரதேச செயலாளரின் கையொப்பத்தோடு வேண்டும்.

போய்ச் சேரும் இடத்தின் நிலைமையும் வெட்கக்கேடானது. எச்சரிக்கை வந்தால் பாடசாலை மண்டபம். சீமெந்துத் தரை. ராகலைக் குளிரில், ஈர உடுப்போடு, எண்பது வயது முழங்காலோடு சீமெந்துத் தரையில் ஒருவரைப் படுக்க வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள். மலசலகூடம் மைதானத்தின் மறுகரையில், குந்தி உட்கார வேண்டிய கூடம். குந்த முடியாதவர் என்ன செய்கிறார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார். இதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் கிடந்து மூன்றாம் நாள் மயங்கி விழுகிறார்கள். அதை வயது மூப்பு என்று எழுதிவிடுகிறோம். முகாமாக அறிவிக்கப்படும் ஒவ்வொரு கட்டடத்திலும் ஐந்து கட்டில், கைபிடியோடு ஒரு கதிரை மலசலகூடம், ஒரு திரைச்சீலை. இதைக் கேட்பதற்கே ஒரு தலையங்கம் எழுத வேண்டியிருக்கிறது.

மருந்து விஷயத்தையும் விட முடியாது. எங்கள் முதியவர்களின் உயிர் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. சீனி வியாதிக் குளிசை, பிரஷர் குளிசை, மடிந்து கசங்கிய கிளினிக் கொப்பி. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் வரிசையில் நின்று வாங்கிய ஒரு மாத மருந்து. அந்தப் பை மண்ணுக்குள் போனால், பாதை அடைபட்டுக் கிடக்கும் நாட்களில், அடுத்த குளிசை எங்கே? எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளைக் குளிசை, பாதி மஞ்சள் குளிசை என்றுதான் தெரியும். ராகலை வைத்தியசாலையில் அந்தப் பட்டியலின் இன்னொரு பிரதி இருக்க வேண்டும். தோட்ட மருந்தகத்தில் மழைக்காலம் தொடங்கும் முன்பே இரண்டு வார மருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சுகாதார அமைச்சு இதைச் செய்ய எந்தப் புயலுக்காகக் காத்திருக்கிறது?

முதியவர்கள் இந்தக் கதையில் சுமை மட்டும் அல்ல. இதையும் நிர்வாகங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மேட்டில் முன்பு பீலி ஓடியது, எந்தக் கானை மூடி வீடு கட்டினார்கள், எந்த வருட மழையில் எந்த மரம் சாய்ந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஓடிக்கொண்டிருந்த பீலி திடீரென நின்றாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கி வந்தாலோ, சுவரில் புது வெடிப்பு விழுந்தாலோ முதலில் கவனிப்பவர் பகல் முழுவதும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர்தான். அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு அதிகாரி வந்ததுண்டா?

சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மீரியபெத்தை ஞாபகம் இருக்கும். கொஸ்லந்தைக்கு அருகில், 2014 ஒக்டோபர் 29 காலை, மலை இறங்கி லயங்களை மூடியது. 30இற்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். பலரின் உடல் இன்றும் அந்த மண்ணுக்குள் இருக்கிறது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் எச்சரித்தார்கள். மாற்று நிலம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. பிறகு, மக்கள் எழுந்து போகவில்லை என்று பழி மக்கள் மேல் விழுந்தது. போ என்று சொன்னவர் எங்கே போவது என்று சொல்லவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

டித்வாவுக்குப் பிறகு அதே பேச்சு மறுபடி தொடங்கியிருக்கிறது. ஆய்வு, அறிக்கை, குழு. அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட லயங்களுக்குள் மக்கள் திரும்பிப் போகிறார்கள். போக்கிடம் இல்லாததால் போகிறார்கள். இளையவர்கள் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ ஒண்டிக்கொள்ளலாம். முதலில் திரும்பிப் போவது முதியவர்கள்தான். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று போகிறார்கள். வெடிப்பு விழுந்த சுவருக்குப் பக்கத்தில் பாயை விரிக்கிறார்கள். வீடமைப்புப் பட்டியலில் முதியவர் மட்டும் உள்ள குடும்பங்களுக்கு முதலிடம் கொடுங்கள். வேலை செய்யும் ஆள் இல்லாத வீட்டுக்குத் தோட்டத்தில் வீடு இல்லை என்ற எழுதப்படாத சட்டத்தைக் கிழித்தெறியுங்கள். நாற்பது வருட வியர்வைக்கு ஏழு பேர்ச் நிலம் அதிகம் அல்ல.

அடுத்த வடகீழ்ப் பருவமழை வரும் காலம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு நாம் பார்க்க விரும்புபவை கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் செம்மஞ்சள் அறிவித்தல், தமிழில், முதியோரை இப்போதே வெளியேற்றுங்கள் என்ற முதல் வசனத்தோடு. நுவரெலியா மாவட்டச் செயலாளரின் மேசையில் ஒவ்வொரு தோட்டப் பிரிவின் முதியோர் பட்டியலும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே தூக்கிச் செல்லும் நான்கு பெயர்களும். கம்பனிகள் கையொப்பமிட்ட வாகன உறுதிமொழி. குருநாகல் மரணங்கள் பற்றிய விசாரணை அறிக்கை. மழை இல்லாத ஒரு சனிக்கிழமையில் ராகலையின் ஏதாவதொரு லயத்தில் உண்மையான ஒத்திகை: படுக்கையில் இருப்பவரைக் கம்பளியில் கிடத்தி, உடைந்த படிகளில் இறக்கி, லொறியில் ஏற்றி, முகாமில் இறக்கி, எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

அந்த ஒத்திகைக்கு அமைச்சர் வர வேண்டும். மாவட்டச் செயலாளர் வர வேண்டும். தோட்டத் துரையும் வர வேண்டும். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஆளுக்கொரு மூலையாகக் கம்பளியைப் பிடிக்கட்டும்.